விலாங்கின் பிறப்பிடம்

ஈராயிரம் ஆண்டுகள் தேடியும் முற்றாக விடுபடாத ஒரு புதிர்

“பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டும் விலாங்கு” என்பது நம் முன்னோர் வழக்கு. இரு தரப்பாருக்கும் வேண்டியவராக நடித்து, எவர் கையிலும் அகப்படாது நழுவும் மனிதரைச் சுட்டவே இப்பழமொழி எழுந்தது. ஆயின் அந்த விலாங்கு மனிதருடைய கையிலிருந்து மாத்திரமன்றி, அவர்தம் அறிவின் பிடியிலிருந்தும் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நழுவி வருகின்றது என்பதைப் பலர் அறியார்.

விஞ்ஞானத்தின் விடுபடாத புதிர்கள் எவை என வினவினால், நம் உள்ளம் உடனே விண்மீன்களையும் அண்டவெளியையும் நாடிச் செல்கின்றது. தொலைவில் உள்ளவையே அறிதற்கரியன என எண்ணுகின்றோம். ஆற்றிலும் குளத்திலும் வாழ்ந்து, சந்தையில் விற்கப்பட்டு, சட்டியிற் குழம்பாகக் கொதிக்கும் ஓர் எளிய மீன் எங்கே முட்டையிடுகிறது, எவ்வாறு பிறக்கிறது என்னும் வினா உலகின் பேரறிஞர் பலரைத் திணறச் செய்தது. இன்றும் அதற்கு முழுவிடை கிடைத்தபாடில்லை. இப்புதிரின் கதை, அறியாததை அறிஞர்கள் எவ்வாறு படிப்படியாக அணுகுகின்றனர் என்பதையும் நமக்குக் காட்டுகின்றது.

அப்பு சொன்னது

இக்கதையை எழுத என்னைத் தூண்டியது என்னுடைய தவறு ஒன்றே. ஏறக்குறையப் பத்தாண்டுகளுக்கு முன்னர், பத்தாம் வகுப்பு மாணவருக்கு மீன்களின் இனப்பெருக்கத்தைப் பற்றிக் கற்பித்துக்கொண்டிருந்தேன். மீன்கள் நீரிலே முட்டையிடுவன. அவை வாழும் நீரிலேயே அம்முட்டைகள் பொரிப்பன எனப் பாடநூலிற் கண்டவாறு கூறி, நம் நன்னீர் மீன்களின் பெயர்களை வரிசையாகக் கரும்பலகையில் எழுதினேன். அவ்வரிசையில் விலாங்கும் இருந்தது.

வன்னிப் பகுதியிலிருந்து வந்து எங்கள் விடுதியிலே தங்கிப் படித்த மாணவன் ஒருவன் எழுந்தான். “சேர், எங்கடை அப்பு ஐம்பது வருஷமாய்க் குளத்திலை விலாங்கு பிடிக்கிறார். முட்டை உள்ள விலாங்கை ஒருநாளும் கண்டதில்லையாம்” என்றான்.

“அப்புவைக் கேட்டுப் பரீட்சை எழுத முடியாது தம்பி, இரும்” என்றேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. பையன் முகஞ்சிவந்து இருந்துவிட்டான். அவ்வருடம் முடியும்வரை அவன் என்னிடம் வேறொரு கேள்வியும் கேட்கவில்லை.

சில மாதங்களின் பின் நூலகத்தில் வேறொன்றைத் தேடிப் புரட்டிய நூலிலே விலாங்கின் வரலாறு கண்ணிற்பட்டது. படிக்கப் படிக்க எனக்கு நாணம் மேலிட்டது. நான் எள்ளி நகையாடிய அந்த வாசகம், ஏறத்தாழ அதே வடிவில், கிரேக்கப் பேரறிஞர் அரிஸ்டோட்டிலால் கூறப்பட்டிருந்தது!

அறிவைப் பெறும் வழிகளை அளவைகள் என்பர் நம்மவர். காண்டல், கருதல், உரை என அவற்றுள் மூன்று தலைமையானவை. கண்ணாரக் கண்டறிவது காண்டல். கண்டதைக்கொண்டு காணாததை உய்த்துணர்வது கருதல். நம்பத்தக்கார் சொல்லை ஏற்பது உரை. அன்று அம்முதியவர் காண்டலைக் கொண்டு பேசினார். நானோ உரையை மாத்திரம் கையிற் பிடித்துக்கொண்டு நின்றேன். விலாங்கின் வரலாறும் இம்மூன்றுக்கும் இடையே நடந்த நெடும் போராட்டமே.

சேற்றிலிருந்து பிறந்ததா?

கி.மு. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த அரிஸ்டோட்டில், உயிர்களைத் தம் கையால் அறுத்து ஆராய்ந்தவர். எத்தனையோ மீன்களின் வயிற்றிலே சினையைக் கண்ட அவர், விலாங்கின் வயிற்றில் மாத்திரம் முட்டையையோ விந்தையோ காணவில்லை. மேலும், நீர் வற்றிச் சேறும் வாரப்பட்ட சில குட்டைகளில், மழை பெய்தபின் மீண்டும் விலாங்குகள் தோன்றுவதையும் அவர் குறித்துவைத்தார். ஆகவே விலாங்கு தாய்தந்தையரின்றி, ஈரமண்ணிலும் சேற்றிலும் தானாகத் தோன்றும் புழுப்போன்ற பொருள்களிலிருந்து உண்டாகிறது என முடிவுசெய்தார்.

இம்முடிவைக் கேட்டு இன்றைய மாணவர் நகைக்கக்கூடும். நகைக்குமுன் சற்றுச் சிந்தித்தல் நன்று. அரிஸ்டோட்டிலின் காண்டலில் பிழை இல்லை. ஆறுகளிலும் குட்டைகளிலும் பிடிபடும் விலாங்கின் வயிற்றிலே முதிர்ந்த சினை இருப்பதில்லை என்பது இன்றும் உண்மை. பிழை நேர்ந்தது கருதலில். “நான் காணவில்லை” என்ற இடத்திலிருந்து “ஆகவே இல்லை” என்ற இடத்துக்கு அவர் தாவிவிட்டார். இத்தாவல் எவருக்கும் எளிது. அதன்பின் நேர்ந்ததே பெருந்தீங்கு. பேரறிஞர் ஒருவர் சொன்னமையால் அது உரையாகி நிலைத்தது. உரோம நாட்டுப் பிளினி, விலாங்குகள் பாறைகளில் உராயும்போது உதிரும் தோற்றுகள்களே உயிர்பெற்றுக் குட்டிகளாகின்றன என எழுதினார். நூற்றாண்டுகள் பல இவ்வாறே கழிந்தன.

கத்தியோடு தேடியவர்கள்

உரையை விட்டு மீண்டும் காண்டலுக்குத் திரும்பியவர்கள் உடற்கூற்றியலாளர். 1777 ஆம் ஆண்டில் இத்தாலியின் பொலோஞா நகரத்துக் கார்லோ மொந்தீனி என்பவர், விலாங்கின் உடலினுள்ளே மடிப்பு மடிப்பான நாடாப்போலக் கிடந்த உறுப்பொன்றைக் கண்டு, அதுவே சூலகம் எனக் காட்டினார். விலாங்குக்கும் பெண் உண்டு என்பது இவ்வாறு நிலைநாட்டப்பட்டது. ஆண் எங்கே?

அடுத்த விடைக்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகள் வேண்டியிருந்தன. 1874 இல் திரியெஸ்தே துறைமுகத்தில் வாழ்ந்த சிமொன் சிர்ஸ்கி என்ற போலந்து நாட்டு இயற்கையியலாளர், சிறிய விலாங்குகளில் வேறுவகையான உறுப்பொன்றைக் கண்டு, அது ஆணின் விந்துச் சுரப்பியாகலாம் என வெளியிட்டார். அதனை உறுதிப்படுத்துமாறு வியன்னாப் பல்கலைக்கழகத்திலிருந்து 1876 இல் இளம் மாணவர் ஒருவர் அனுப்பப்பட்டார். அவருக்கு வயது இருபது. நாள்தோறும் மீனவரிடம் விலாங்குகளை வாங்கி அறுத்து நுணுக்குக்காட்டியின் கீழ் நோக்கிய அவர், ஏறத்தாழ 400 விலாங்குகளை ஆராய்ந்தார். சிர்ஸ்கி கண்ட உறுப்பு இருந்தது; ஆயின் முதிர்ந்த விந்து ஒன்றிலேனும் காணப்படவில்லை. ஐயத்தோடே அவர் தம் அறிக்கையை முடித்தார். அவ்விளைஞரே பிற்காலத்தில் மனித மனத்தின் ஆழத்தை ஆராய்ந்து உலகப்புகழ் எய்திய சிக்மண்ட் பிராய்ட்.

நானூறு மீன்களை அறுத்தும் காணமுடியாமற் போனது ஏன்? விடை இப்போது நமக்குத் தெரியும். ஆற்றிலும் கரையோரத்திலும் வாழும் விலாங்கு இன்னும் பருவமடையாத விலாங்கே. அது பல ஆண்டுகள் நன்னீரில் உண்டு வளர்கின்றது. பின் ஒருநாள் அதன் மஞ்சள் நிறம் மாறி மேனி வெள்ளியாகின்றது, கண்கள் பெருக்கின்றன, குடல் சுருங்குகின்றது. உணவை அறவே விட்டு, உடம்பிற் சேர்ந்த கொழுப்பையே வழித்துணையாகக் கொண்டு ஆற்றை விட்டுக் கடலை நோக்கிப் புறப்படுகின்றது. அந்த நெடும் பயணத்தின்போதே சூலகமும் விந்துச் சுரப்பியும் முதிர்ச்சியடைகின்றன. அப்பயணத்தை முடித்த விலாங்கு திரும்பி வருவதில்லை. ஆகவே கரையில் எத்தனை ஆயிரம் விலாங்குகளை அறுத்தாலும் தேடியது கிட்டாது.

இலை போன்ற மீன்

இதற்கிடையில் மற்றொரு திசையிலிருந்து ஒளி தோன்றியது. 1856 இல் ஜேர்மனியரான காவுப் என்பவர், இத்தாலியின் மெசினா நீரிணையிற் கிடைத்த சிறுமீன் ஒன்றை விவரித்திருந்தார். அது கண்ணாடிபோல் ஒளிபுகும் தன்மையது, வேப்பிலைபோல் தட்டையானது, தலை மிகச் சிறியது. அதனைத் தனியினம் எனக் கருதி அவர் ஒரு பெயரும் இட்டார்.

நாற்பதாண்டுகளின் பின் கிராசி, கலந்துருச்சோ என்னும் இரு இத்தாலியர் அம்மீனை மீண்டும் கையில் எடுத்தனர். அம்மீனின் உடலில் வரிவரியாகத் தோன்றும் தசைத்துண்டங்களைக் கிராசி எண்ணினார். விலாங்கின் முள்ளெலும்புகளையும் எண்ணினார். இரு தொகைகளும் ஒத்திருந்தன! பின்னர், தொட்டியில் வளர்த்த அவ்விலைமீன் தங்கள் கண்முன்னே உருளையாகச் சுருங்கி விலாங்குக் குஞ்சாக உருமாறுவதையும் கண்டனர். 1896 இல் இச்செய்தி வெளியாயிற்று. புழுவெனப் பிறந்து வண்ணத்துப்பூச்சியாவது போல, இலையெனப் பிறந்து விலாங்காவது இம்மீன். காவுப் கண்டது தனியினமன்று. விலாங்கின் குடம்பியே அது. மலேரியாவை மனிதரிடையே அனோபிலிசு நுளம்பு பரப்புவதை நிறுவியவர்களுள் ஒருவரான அதே கிராசி இவர்.

குடம்பி மத்தியதரைக் கடலிலே கிடைத்தமையால், விலாங்குகள் அக்கடலின் ஆழத்திலேயே முட்டையிடுகின்றன என்று கிராசி கருதினார். மீண்டும் காண்டல் சரி, கருதல் பிழை.

சிறியதைத் தேடிப் பெருங்கடலில்

1904 இல் டென்மார்க்கு நாட்டவரான ஜோகான்னஸ் ஷ்மிட் என்னும் இளம் விஞ்ஞானி, ‘தோர்’ என்னும் கப்பலில் வட அத்திலாந்திக்கிலே உணவு மீன்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். பேரோ தீவுகளுக்கு மேற்கே அவருடைய வலையில் ஓர் இலைமீன் அகப்பட்டது. நீளம் 77 மில்லிமீற்றர். மத்தியதரைக் கடலுக்கு வெகு தொலைவில், குளிர்ந்த வடகடலில் இக்குடம்பிக்கு என்ன வேலை? அந்த ஒரு சிறுமீன் ஷ்மிட்டின் வாழ்வில் ஏறக்குறைய இருபது ஆண்டுகளைத் தனதாக்கிக்கொண்டது.

அவர் கைக்கொண்ட முறை மிக எளியது. மாணவர்கள் மனத்திற் பதிக்கத்தக்கது. பிறந்த இடத்திலே குட்டி மிகச் சிறியதாய் இருக்கும். நீரோட்டத்தோடு விலகிச் செல்லச் செல்ல வளர்ந்து பெரிதாகும். ஆகவே பெரிய குடம்பி கிடைக்கும் இடத்தை விட்டுச் சிறிய குடம்பி கிடைக்கும் இடத்துக்கும், அதைவிடச் சிறியது கிடைக்கும் இடத்துக்கும் போய்க்கொண்டே இருந்தால், ஈற்றிலே தொட்டிலை அடைந்தே தீர்வோம் அன்றோ?

சொல்ல எளிது, செய்ய அரிது. வைக்கோற்போரில் ஊசி தேடுவோர்க்கும் போரின் எல்லை கண்ணுக்குத் தெரியும். ஷ்மிட்டுக்கோ எல்லை காணாத சமுத்திரம். போதிய கப்பல் வசதி இல்லாத காலத்தில், அத்திலாந்திக்கைக் கடக்கும் வணிகக் கப்பல்களின் தலைவர்களிடம் வலைகளைக் கொடுத்து, வழியில் வீசிக் கிடைத்ததை அனுப்பும்படி வேண்டினார். 1913 இல் ‘மார்கிரேத்த’ என்னும் பாய்க்கப்பலிற் புறப்பட்டார். அக்கப்பல் மேற்கிந்தியத் தீவுகளிலே தரைதட்டி அழிந்தது. அடுத்த ஆண்டு முதலாவது உலகப்போர் மூண்டு கடல்வழிகளை அடைத்தது. போர் முடிந்தபின், 1920 இல், ‘டானா’ என்னும் கப்பலில் மீண்டும் புறப்பட்டார்.

கிடைத்த ஒவ்வொரு குடம்பியையும் அளந்தார். அதன் தசைத்துண்டங்களை எண்ணினார். ஐரோப்பிய விலாங்கின் முள்ளெலும்புகள் சராசரி 115 அளவில் இருக்க, அமெரிக்க விலாங்குக்கு 107 அளவிலேயே உள்ளன. இவ்வெண்ணிக்கையே இரண்டினத்துக் குடம்பிகளையும் பிரித்தறிய உதவியது. நிலப்படத்தில் மலையின் உயரங்களை வளைகோடுகளாற் காட்டுவது போல, சமுத்திரப் படத்திலே குடம்பிகளின் நீளங்களை வளைகோடுகளால் வரைந்தார். மேற்கே செல்லச் செல்ல வளையங்கள் சுருங்கின. சுருங்கிய வளையங்களின் நடுவே நின்றது சார்காசோக் கடல்.

சார்காசோ, கரையில்லாத கடல். நாற்புறமும் நீரோட்டங்களே அதற்கு எல்லை. பொன்னிறமான கடற்பாசிகள் மேற்பரப்பில் மிதக்கும் அவ்விடத்திலே, 5 மில்லிமீற்றர் அளவான குடம்பிகள் வலையில் வந்தன. ஐரோப்பிய ஆறுகளிலிருந்து ஐயாயிரம் கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ள அக்கடலே விலாங்கின் தொட்டில் என ஷ்மிட் அறிவித்தார்.

கண்டதும் கருதியதும்

புதிர் விடுபட்டது என உலகம் ஆறுதல் அடைந்தது. ஆனால் நன்கு கவனியுங்கள்: ஷ்மிட் கண்டது குடம்பிகளை மாத்திரமே. சார்காசோவில் முட்டையை அவர் காணவில்லை. முட்டையிடும் தாயையும் காணவில்லை. பிற்காலத்தார் அவருடைய குறிப்புகளை மீள ஆராய்ந்து, அவர் பேசிய அளவு உறுதிக்கு அவை இடந்தரா என்று குறைகண்டதும் உண்டு. எனினும் அவர் சுட்டிய இடம் பொய்க்கவில்லை. அவருக்குப் பின் சென்றோரும் மிகச் சிறிய குடம்பிகளை அங்கேயே கண்டனர். இது கருதலின் வெற்றி. ஆயினும் கருதல் எத்துணைச் சிறந்ததாயினும் காண்டலாகிவிடாது. இந்த வேறுபாட்டை மறவாதவரே ஆராய்ச்சியாளர். ஆகவே தேடல் ஓயவில்லை.

அமாவாசையும் கடலடி மலையும்

அதே வினாவைப் பசிபிக்குச் சமுத்திரத்திலே யப்பானியர் எழுப்பினர். யப்பானிய விலாங்கின் பிறப்பிடம் எது? தோக்கியோப் பல்கலைக்கழகத்துக் கட்சுமி சுகமோட்டோவும் அவர்தம் குழுவினரும் ‘ஹக்குஹோ மாறு’ என்னும் ஆராய்ச்சிக் கப்பலில் இதனைத் தேடினர். 1991 இல், மரியானாத் தீவுகளுக்கு மேற்கே, ஏறக்குறைய 10 மில்லிமீற்றர் நீளமான குடம்பிகள் கிடைத்தன. இடம் ஓரளவு தெரிந்தது. ஆனால் சமுத்திரத்திலே “ஓரளவு” என்பது நம் தீவைவிடப் பெரிய பரப்பாகலாம். எந்த நாளில், எந்த மூலையில் வலைவீசுவது?

இங்கே ஓர் நுட்பம் கைகொடுத்தது. மீன்களின் செவியினுள்ளே நுண்ணிய கல் ஒன்று உண்டு. மரத்தின் குறுக்குவெட்டில் ஆண்டுக்கொரு வளையம் தோன்றுதல் போல, குடம்பியின் செவிக்கல்லில் நாளுக்கொரு வளையம் படிகின்றது. அவ்வளையங்களை எண்ணிப் பின்னோக்கிக் கணித்தபோது, குடம்பிகளின் பிறந்தநாள்கள் அமாவாசையை ஒட்டியே அமைந்தன. மேலும், அவ்விடத்தில் கடலின் அடியிலிருந்து எழும் மலைத்தொடரை அண்டியே முட்டையிடுதல் நிகழலாம் எனவும் அவர்கள் ஊகித்தனர்.

ஊகம் இரண்டும் கையிலிருக்க, அவர்கள் ஆண்டுகள் பல வெறுங்கையராய்த் திரும்பினர். 2005 இல் பொரித்துச் சில நாள்களேயான குஞ்சுகள் கிடைத்தன. 2008 இல் முதிர்ந்த விலாங்குகளே வலையில் அகப்பட்டன. 2009 மே மாதத்தில், அமாவாசைக்கு இரண்டு நாள்களின் முன், 31 முட்டைகள் கிடைத்தன. ஒவ்வொன்றின் விட்டமும் ஏறக்குறைய 1.6 மில்லிமீற்றர். கடலிலே மிதக்கும் எத்தனையோ மீன்முட்டைகள் ஒரேவிதமாய்த் தோன்றுவதால், டி.என்.ஏ. சோதனையாலேயே அவை விலாங்கின் முட்டைகள் எனத் தெளியப்பட்டன. நன்னீர் விலாங்கு எதனதும் முட்டையை இயற்கையான கடலிலிருந்து மனிதர் எடுத்தது அதுவே முதன்முறை. அரிஸ்டோட்டில் காணாததைக் காண, அவருக்குப்பின் ஈராயிரத்து முந்நூறு ஆண்டுகள் சென்றன.

முதுகில் ஒரு கருவி

ஐரோப்பிய விலாங்கின் செய்தி இன்னும் அவ்வளவு தூரம் வரவில்லை. அதன் வழியைப் பின்தொடர, ஆராய்ச்சியாளர் விலாங்கின் முதுகிலே சிறு கருவியொன்றைப் பொருத்திக் கடலில் விடுகின்றனர். அக்கருவி ஆழத்தையும் நீரின் வெப்பத்தையும் இடையறாது பதிந்து, குறித்த காலத்தில் தானாகக் கழன்று மேலே மிதந்து, செய்மதிக்குத் தன் குறிப்புகளை அனுப்புகின்றது. இவ்வாறு, விலாங்கு பகலில் அறுநூறு மீற்றர் அளவான இருண்ட ஆழத்துக்கு இறங்குவதும், இரவில் மேலெழுவதும் தெரியவந்தன.

சில கருவிகள் துயரச் செய்தியையும் கொண்டுவந்தன. குளிர்ந்த ஆழ்கடலிலே திடீரென வெப்பம் 36 பாகை சென்ரிகிரேட்டுக்கு உயர்ந்ததாகக் குறிப்பு. கடல்நீர் அவ்வாறு சூடாகாது. அது வெப்பக்குருதி உடைய பிராணியின் வயிறு. விலாங்கைக் கருவியோடு திமிங்கில இனத்து விலங்கு விழுங்கிவிட்டது என்பது இதனாற் புலனாயிற்று. காணாத ஒன்றை எண்களைக்கொண்டு உய்த்துணரும் கருதலுக்கு இதனினும் நல்ல உதாரணம் வேண்டுமோ?

2015 இல் வெளியான ஆய்வொன்றிலே, கனடாவின் கரையில் விடப்பட்ட அமெரிக்க விலாங்கு ஒன்று 2,400 கிலோமீற்றர் சென்று சார்காசோவின் எல்லையை அடைந்தமை காட்டப்பட்டது. ஐரோப்பிய விலாங்குகளோ ஐரோப்பாக் கரையிலிருந்து விடப்பட்டபோது, நெடுவழியின் இடையிலேயே கருவிகள் கழன்றன. ஆகவே சமுத்திரத்தின் நடுவேயுள்ள அசோர்ஸ் தீவுகளிலிருந்து, பாதிவழியிலிருந்தே, விலாங்குகளை விட்டனர். அவற்றுட் சில சார்காசோக் கடலை அடைந்த செய்தி 2022 இல் வெளியாயிற்று. ஷ்மிட்டின் முடிவுக்கு நூறாண்டின் பின் கிடைத்த முதல் நேர்ச்சான்று அது.

இன்னும் அறியாதவை

இனி எஞ்சியிருப்பது யாது? ஏராளம். சார்காசோக் கடலிலே விலாங்கு முட்டையிடுவதைக் கண்டார் இலர். அங்கே அதன் முட்டையொன்றை எடுத்தாரும் இலர். ஐயாயிரம் கிலோமீற்றருக்கும் மேலாக இருளிற் செல்லும் அதற்கு வழிகாட்டுவது எது? புவியின் காந்தப் புலத்தை உணரும் ஆற்றல் அதற்கு உண்டு என்பதற்குச் சான்றுகள் உள. அதுமட்டுமே போதுமா என்பது தெரியவில்லை. குடம்பி ஐரோப்பாவை அடைய எத்தனை மாதங்கள் அல்லது ஆண்டுகள் ஆகும் என்பதிலும் அறிஞர் ஒருமனப்படவில்லை.

இவை வெறும் பொழுதுபோக்கு வினாக்கள் அல்ல. 1980 ஆம் ஆண்டையடுத்து, ஐரோப்பிய ஆறுகளை வந்தடையும் விலாங்குக் குஞ்சுகளின் தொகை நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேலாகக் குறைந்துவிட்டது. 2008 இல் அழிவின் விளிம்பிலுள்ள உயிரினங்களின் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. 2014 இல் யப்பானிய விலாங்கும் அழிவை நோக்கும் இனமென அறிவிக்கப்பட்டது. ஆறுகளை மறிக்கும் அணைகள், மின்நிலையச் சுழலிகள், அளவிறந்த மீன்பிடி, நீரில் கலக்கும் நஞ்சு, புகுந்துவந்த ஒட்டுண்ணிப் புழு, கடலின் மாற்றங்கள் எனக் காரணங்கள் பல சொல்லப்படுகின்றன. எது எவ்வளவு பங்கு என்பதை அறியவேண்டுமாயின், கடலிலே அதன் வாழ்வை அறிந்தாகவேண்டும். நோயாளி பாதிநாளை எங்கே கழிக்கிறான் என்பதையே அறியாத வைத்தியர் மருந்து கொடுப்பது எங்ஙனம்?

பண்ணையில் வளர்த்துப் பெருக்கலாமே என்பர் சிலர். பண்ணை விலாங்குகளும் கடலிலிருந்து வந்த குஞ்சுகளைப் பிடித்து வளர்த்தவையே. 1973 இல் ஹொக்கைடோப் பல்கலைக்கழகத்தார் யப்பானிய விலாங்கின் முட்டைகளைச் செயற்கையாகப் பொரிக்கச் செய்தனர். அவ்வாறு வளர்ந்தவற்றிலிருந்து மறுதலைமுறையையும் பெற 2010 வரை செல்லவேண்டியிருந்தது. குடம்பி எதை உண்ணும் என்பதைக் கண்டறிவதே பெரும்பாடாயிற்று. ஈற்றிலே சுறாவின் முட்டைக் கூழை அவை உண்டன.

நம்முடைய சமுத்திரம்

இவ்வளவும் அந்நிய கடல்களின் கதை என எண்ணிவிட வேண்டாம். இலங்கையின் ஆறுகளிலும் குளங்களிலும் இருவகை நன்னீர் விலாங்குகள் வாழ்கின்றன. அவையும் கடலிலே பிறந்து நன்னீருக்கு ஏறி வந்தவையே. ஆனால் எங்கே பிறந்தவை? 1928 தொடக்கம் 1930 வரை ஷ்மிட் தலைமையில் உலகைச் சுற்றிவந்த ‘டானா’ப் பயணத்தின்போது, இந்து சமுத்திரத்திலும் வலைகள் வீசப்பட்டன. சுமாத்திராத் தீவின் மேற்குக் கரைக்கு அப்பால் விலாங்குக் குடம்பிகள் கிடைத்தன. எனினும் இந்து சமுத்திரத்திலே விலாங்கின் முட்டையை இதுவரை எவரும் எடுத்ததில்லை. அத்திலாந்திக்கிலும் பசிபிக்கிலும் இருள் ஓரளவு விலகிவிட்டது. நம் வாயிலில் உள்ள சமுத்திரத்தில் இன்னும் விலகவில்லை.

அந்நூலைப் படித்த ஆண்டின் விடுமுறையில், மாணவனுடைய ஊருக்குச் சென்று அவன் அப்புவைக் கண்டேன். குளக்கட்டிலே வலை பின்னிக்கொண்டிருந்தார். பேரன் சொன்னதை நான் மறுத்ததையும், அது என் பிழை என்பதையும் அவன் முன்னிலையிலேயே கூறினேன். அவர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. மாரியில் குளம் வான் பாயும்போது, நிலவில்லாத இரவிலே, பெருவிலாங்குகள் வெள்ளத்தோடு இறங்கிப் போவதைப் பலமுறை கண்டதாகச் சொன்னார்.

“அவை எங்கே போகின்றன என்று நினைக்கிறீர்கள், அப்பு?” என வினவினேன்.

அவர் சற்று யோசித்தார். “தெரியாது மாஸ்டர். போறதைக் கண்டனான், திரும்பி வந்ததைக் காணேல்லை. அவ்வளவுதான் சொல்லலாம்” என்றார்.

நூல்கள் பல கற்றும் நான் வகுப்பறையிலே சொல்லத் தவறிய சொல் அது. கண்டதைக் கண்டதாகவும் காணாததைக் காணாததாகவும் பிரித்துச் சொல்வதே ஆராய்ச்சியின் முதற்படி. ஷ்மிட் ஏறக்குறைய இருபது ஆண்டுகளும், யப்பானியர் அதனினும் நீண்ட காலமும் உழைத்தது அப்படியிலிருந்தே.

அன்றுதொட்டு, விடை தெரியாத கேள்வியை மாணவர் எழுப்பும்போது “தெரியாது, தேடிப் பார்ப்போம்” எனச் சொல்லப் பழகிக்கொண்டேன். பெற்றோரும் பிள்ளைகளிடம் அவ்வாறு சொல்ல நாணவேண்டியதில்லை. அடுத்த முறை விலாங்கை வெட்டும்போது, வயிற்றிலே சினை உண்டா என உங்கள் பிள்ளை எட்டிப் பார்த்தால் விலக்காதீர்கள். அரிஸ்டோட்டிலும் அங்கேயிருந்தே தொடங்கினார். இந்து சமுத்திரத்தின் முதல் விலாங்கு முட்டையை எடுக்கப்போகும் கை, இன்று நம் வீடொன்றிலே கொப்பி எழுதிக்கொண்டிருக்கும் கையாகவும் இருக்கலாம்.